கடகமும் தளைநாரும்

கடகம் என்றால் என்னவென்று இன்றைய பிள்ளைகளிடம் கேட்டுப் பாருங்கள். பெரும்பாலானோர் அது ஓர் இராசியின் பெயர் என்பார்கள். கைபேசியில் தேடி நண்டின் படத்தைக் காட்டுவோரும் இருப்பார்கள். ஐம்பது ஆண்டுகளுக்கு முன்னர் யாழ்ப்பாணக் குடாநாட்டில் கடகம் இல்லாத வீட்டைக் காண்பது அரிது. நெல் அள்ள ஒரு கடகம், எருச் சுமக்க ஒரு கடகம், சந்தைக்கு வெங்காயம் கொண்டுபோக ஒரு கடகம் என ஒவ்வொரு வேலைக்கும் தனித்தனிக் கடகம் இருந்தது. புதிதாக வாங்கியது அடுக்களையில் தொடங்கும். சற்று நைந்ததும் தோட்டத்துக்கு இறங்கும். அடி கழன்றதும் மாட்டுக்கொட்டிலுக்குப் போகும். கடைசியில் எருவோடு எருவாகி மண்ணில் சேர்ந்துவிடும். எறிவதற்கென்று அதில் எதுவும் மிஞ்சுவதில்லை.

கடகத்தோடு சேர்ந்து வேறு பல சொற்களும் நம்மைவிட்டுப் போய்க்கொண்டிருக்கின்றன. பிட்டு அவிக்கும் நீத்துப்பெட்டி, சுடச்சுடப் பனங்கட்டி வார்க்கும் குட்டான், கிழவிமார் வெற்றிலையும் சில்லறையும் வைத்து இடுப்பில் செருகிய கொட்டப்பெட்டி, கூழும் கள்ளும் குடிக்கும் பிளா, சோறு போட்டுத் தின்னும் தட்டுவம், மீன் போடும் பறி, கிணற்றிலிருந்து நீர் இறைக்கும் பட்டை, தூக்கி வைக்கும் உமல், படுக்கும் பாய், குந்தும் தடுக்கு ஆகிய யாவும் ஒரே மரத்தின் ஓலையிலிருந்து வந்தவை. பனையின் பயன்கள் 801 என்று 'தால விலாசம்' என்ற பழைய தமிழ்ப் பாடல் கணக்குச் சொல்வதாகப் பிரித்தானியர் காலத்து நூல்களிலேயே குறிப்பு உண்டு. அந்த எண்ணைச் சரிபார்க்க எவரும் மெனக்கெட்டதில்லை. அதற்கான தேவையும் எழவில்லை.

நம் மொழி இந்தத் தொழில்களை எவ்வளவு நுணுக்கமாகப் பிரித்து வைத்திருந்தது என்பதற்கு அவற்றின் வினைச்சொற்களே சான்று. பாயை இழைப்பார்கள். கிடுகைப் பின்னுவார்கள். கடகத்தைப் பொத்துவார்கள். கூரையை வேய்வார்கள். வேலியை அடைப்பார்கள். ஓலையை வார்வார்கள். பாளையைச் சீவுவார்கள். ஒரு சொல்லின் இடத்தில் இன்னொன்றை வைத்தால் ஊரில் சிரிப்பார்கள். இன்று நாம் அனைத்துக்கும் 'செய்தல்' என்ற ஒரே சொல்லைப் பயன்படுத்துகிறோம். வேலை கையைவிட்டுப் போனபோது அதற்குரிய சொல்லும் கூடவே போய்விட்டது.

ஒரு கடகம் உருவாகும் விதத்தைச் சொல்கிறேன். பனையின் உச்சியில் இன்னும் முற்றாத இளம் ஓலையைச் சார்வோலை என்பார்கள். அதை வெட்டி இறக்கி, வெயிலில் உலர்த்தி, இரவில் பனியில் கிடத்துவார்கள். பனி குடித்த ஓலை வளைந்து கொடுக்கும், முறியாது. பின்னர் நடு ஈர்க்கைக் கிழித்து நீக்கி, சிறு கத்தியால் ஒரே அகலத்தில் வார்ந்தெடுக்க வேண்டும். அளவுகோல் கிடையாது, விரல்தான் அளவு. அடியில் தொடங்கி, மூலை திருப்பி, மேலே கொண்டுவந்து, பாரம் தாங்குவதற்காக இரண்டடுக்காக இழைத்து, கடைசியில் மட்டையிலிருந்து உரித்த நாரால் விளிம்பைப் பொத்துவார்கள். பொத்துவதற்கு விரலில் பலம் வேண்டும். என் சிறுவயதில் எங்கள் ஊரில் பொத்தும் வேலையில் பேர்போன மூதாட்டி ஒருவர் இருந்தார். அவருடைய வலக்கைப் பெருவிரலின் நகம் தேய்ந்து மழுங்கியிருக்கும். அவர் பொத்திய கடகம் ஏழெட்டு வருடம் நின்றுபிடிக்கும் என்று அம்மா சொல்வார்.

நம்மவர் ஏக்கத்தோடு எழுதும் கட்டுரைகள் பெரும்பாலும் இந்த இடத்திலேயே முடிந்துவிடுகின்றன. கடகத்தின் அழகு, நீத்துப்பெட்டியில் அவிந்த பிட்டின் மணம், பிளாவில் குடித்த ஒடியற்கூழின் உறைப்பு, "அந்தக் காலம் இனி வராது" என்ற பெருமூச்சு. மணத்தையும் உறைப்பையும் நான் மறுக்கவில்லை. ஆனால் அந்தச் சார்வோலை தானாகக் கீழே இறங்கி வரவில்லை. அறுபது, எழுபது அடி உயரத்தில் ஒருவர் ஏறி நின்று அதை வெட்டினார். அவரை விட்டுவிட்டு எழுதப்படும் கடகத்தின் கதை அரைக்கதைதான்.

பனையேறுபவரின் வேலைநாள் விடியுமுன்னரே தொடங்கிவிடும். காலிரண்டையும் இணைக்கும் தளைநார், இடுப்பில் கத்திக்கூடு, அதற்குள் பாளைக்கத்தி, முதுகுப்பக்கம் முட்டி. மரத்தை நெஞ்சோடு அணைத்து, தளைநாரின் பிடியில் காலை ஊன்றி, உடலை மேலே இழுத்து ஏறுவார். நெஞ்சிலும் முழங்கையிலும் காய்த்துப்போன தழும்புகள் இருக்கும். மேலே போனதும் வேறொரு வித்தை தொடங்குகிறது. இளம்பாளையைப் பதமாகத் தட்டி நசுக்கி, கட்டி, நாள்தோறும் நுனியை மெல்லிய சீவலாகச் சீவ வேண்டும். தடிப்பாகச் சீவினால் பாளை விரைவில் தீர்ந்துவிடும். போதாமல் சீவினால் நீர் சுரக்காது. ஆண்பனைப் பாளைக்கு ஒரு பக்குவம், பெண்பனைப் பாளைக்கு வேறொரு பக்குவம். முட்டியின் உட்புறம் சுண்ணாம்பு பூசினால் அது கருப்பநீர். பூசாவிட்டால் புளித்துக் கள்ளாகும். கருப்பநீரைக் காய்ச்சினால் பனங்கட்டி. இதைக் கற்றுத்தரப் பள்ளிக்கூடம் இருந்ததில்லை. தகப்பன் மரத்தில் நிற்க, மகன் அடியில் நின்று பார்த்துப் பழகினான்.

ஓலை வெட்டுவதும் அவருடைய வேலைதான். பனை ஓர் ஆண்டில் விரிக்கும் புதிய ஓலைகள் சிலவே. எந்த மரத்தில் எத்தனை வெட்டலாம், எதை இந்த வருடம் விட்டுவைக்க வேண்டும் என்பது ஏறியவருக்குத்தான் தெரியும். அவர் இறக்கிய ஓலையைக் கொண்டே ஊர் முழுவதும் இயங்கியது. சார்வோலை பெண்களின் கைக்குப் போய்ப் பெட்டியும் பாயுமாயிற்று. முற்றிய ஓலை கூரைக்கும் வேலிக்கும் போயிற்று. வேலியடைப்பு எங்கள் ஊர்களில் ஒரு சிறு திருவிழா. பூவரசும் கிளுவையும் கதியாலாக நிற்க, ஓலையைச் சாத்தி, வரிச்சுப் பிடித்து, உள்ளே ஒருவரும் வெளியே ஒருவருமாகக் குத்தூசியால் கயிற்றை வாங்கிக் கொடுத்துக் கட்டுவார்கள். ஒருவர் முகம் மற்றவருக்குத் தெரியாது. குரல் மட்டுமே கேட்கும். அடுத்த அடைப்பின்போது கழற்றிய பழைய ஓலை புகையிலைத் தோட்டத்தில் பசளையாகத் தாழ்க்கப்படும். மரத்தில் தொடங்கி மண்ணில் முடியும் அந்தச் சங்கிலியின் முதற்கண்ணி தளைநார்.

இந்த இடத்தில், சொல்லத் தயங்கும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். சங்கிலியின் முதற்கண்ணியாக இருந்த மனிதர் சமூகத்தின் ஏணியில் கடைசிப் படியில் வைக்கப்பட்டிருந்தார். துலாவில் தொங்கும் பட்டைக்குரிய ஓலையை இறக்கியவர் அந்தத் துலாக்கிணற்றில் தானாக அள்ளிக் குடிக்க முடியாது. யாராவது வந்து வார்க்கும்வரை கைகளைக் குவித்துக் காத்து நிற்க வேண்டும். கோயில் விழாவுக்குக் கடகமும் பெட்டியும் அவர் வீட்டிலிருந்து போகும். அவர் வீதிக்கு வெளியே நிற்பார். தேநீர்க் கடையில் மற்றவர்களுக்குரிய குவளை அவருக்குக் கிடையாது. அவர் வீட்டுப் பெண்கள் மேற்சட்டை அணிவதும் நகை போடுவதும்கூடக் குற்றமாகக் கருதப்பட்ட காலம் இருந்தது. என் பாட்டனாரின் வயதொத்த மரமேறும் மனிதரை நேற்றுப் பிறந்த பிள்ளையும் பேர் சொல்லி அழைக்கும். அவரோ அந்தப் பிள்ளையின் தகப்பனை 'நயினார்' என்றும், தாயை 'நாச்சியார்' என்றும் விளிப்பார். இவற்றை அறிய விரும்புவோர் கே. டானியலின் 'பஞ்சமர்' நாவலைப் படிக்கலாம்.

இந்த நிலை தானாக மாறவில்லை. சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் 1957ஆம் ஆண்டு நிறைவேற்றப்பட்டது. ஆனால் சட்டப் புத்தகத்திலிருந்து தேநீர்க் கடைக்கும் கோயில் வாசலுக்கும் அது வந்துசேரப் போராட வேண்டியிருந்தது. 1966 ஒக்ரோபர் 21ஆம் திகதி சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணம் நோக்கிப் புறப்பட்ட ஊர்வலமும், அதனைத் தொடர்ந்து உருவான தீண்டாமை ஒழிப்பு வெகுசன இயக்கமும், 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில் நடந்த ஆலயப் பிரவேசப் போராட்டமும் குடாநாட்டின் வரலாற்றில் அழிக்க முடியாத பக்கங்கள். அந்தப் போராட்டங்களில் நின்றவர்களுள் காலையில் பாளை சீவியவர்களும் மாலையில் ஓலை வார்ந்தவர்களும் இருந்தார்கள். கைத்தொழில்களின் வரலாற்றை எழுதும்போது இந்தத் திகதிகளை விட்டுவிட்டு எழுத முடியாது என்பது என் கருத்து.

தொழில் தேய்ந்ததற்குக் காரணம் பிளாஸ்ரிக் என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். அது ஒரு காரணம்தான். கிடுகு வேலி மதிலாயிற்று. ஓலைக்கூரை ஓடாகவும் தகரமாகவும் மாறிற்று. துலாவின் இடத்துக்கு நீரிறைக்கும் இயந்திரம் வந்தது. ஆனால் குடாநாட்டின் கதையில் ஒரு வினோதமும் உண்டு. வெளியிலிருந்து பொருள் வராத காலங்களில் பனை மீண்டும் எழுந்து நின்றது. 1970க்கும் 1977க்கும் இடையில் இறக்குமதிகள் கட்டுப்படுத்தப்பட்டபோது சீனிக்குப் பதிலாகப் பனங்கட்டியைக் கடித்துத் தேநீர் குடித்த வீடுகள் பல. 1990இல் பொருளாதாரத் தடை வந்தபோது சவர்க்காரம் கிடைக்காமல் பனம்பழத்தைப் பிசைந்து உடுப்புத் தோய்த்தோம். கடையில் பை இல்லை, வாளி இல்லை. பரணில் கிடந்த கடகமும் பெட்டியும் கீழே இறங்கின. அப்போது பல்கலைக்கழகத்தில் கலைப்பீட மாணவனாக இருந்த நான் ஓலைப்பையில் புத்தகங்களைக் கொண்டு திரிந்தது நினைவிருக்கிறது. அதை எவரும் கலை என்று சொல்லவில்லை. அது தேவை, அவ்வளவுதான்.

அதே போர்தான் பனைகளையும் தின்றது. எறிகணைகள் தலை கொய்த பனைகள் ஒருபுறம், பதுங்குகுழிக்கும் காவலரணுக்கும் குற்றிகளாகத் தறிக்கப்பட்டவை மறுபுறம். இருதரப்பும் தறித்தன. நட்டுப் பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் காத்திருந்தால்தான் பாளை தள்ளும் மரம் அது. 1990இல் வலிகாமம் வடக்கு மக்கள் பெயர்ந்தார்கள். 1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி வலிகாமம் முழுவதுமே நடந்து தென்மராட்சிக்குப் போனது. அன்று மக்கள் தலையில் சுமந்தவற்றுள் கடகங்கள் இருந்தன, பாளைக்கத்திகளும் இருந்திருக்கும். ஆனால் பனையைச் சுமந்து செல்ல முடியாது. தான் ஏறிப் பழகிய மரங்களின் குணம் ஒவ்வொன்றையும் அறிந்த ஒருவர், பெயர்ந்த இடத்தில் வெறுங்கையோடு நின்றார். கூலிவேலைக்குப் போனார். மகன் கப்பலேறினான், அல்லது களத்துக்குப் போனான், அல்லது படித்தான். தொழிலின் ஒரு தலைமுறை அந்த இடைவெளியில் கழன்று விழுந்தது.

2002இல் ஏ9 பாதை திறந்ததும் லொறி லொறியாகப் பிளாஸ்ரிக் வந்திறங்கியது. அதற்கடுத்த ஆண்டில், பத்திரிகைக்கு ஒரு கட்டுரை எழுதுவதற்காக வடமராட்சியில் முதிய பனைத்தொழிலாளி ஒருவரைச் சந்தித்தேன். அறுபது வயதைக் கடந்திருந்தும் அன்றாடம் ஏறிக்கொண்டிருந்தார். பிள்ளைகள் இந்தத் தொழிலுக்கு வரவில்லையா, இது அழிந்துபோனால் நட்டமில்லையா என்று கேட்டேன். அவர் தளைநாரைச் சுருட்டிக்கொண்டே சொன்னார்: "நட்டம்தான் தம்பி. ஆனா ஒண்டு கேக்கிறன், உங்கடை பெடியனை ஏத்துவியளோ?" அதில் கோபம் இல்லை. விடை தெரிந்து கேட்கப்பட்ட கேள்வி அது. மூத்த மகன் ஆசிரியர் பயிற்சியில் இருப்பதாக அடுத்த வார்த்தையில் சொன்னார். அதைச் சொன்னபோது அவர் முகத்தில் தெரிந்த நிறைவை நான் வேறெங்கும் கண்டதில்லை.

அவர் என்னைத் 'தம்பி' என்றார். அவருடைய தகப்பன் என் பாட்டனாரை அப்படி அழைத்திருக்க முடியாது. ஒரு விளிச்சொல்லுக்குள் முப்பது, நாற்பது ஆண்டுப் போராட்டம் அடங்கியிருந்தது. தொழில் அழிகிறது என்று நாம் வருந்தும் அதே காலப்பகுதியில்தான் அந்தச் சொல்லும் வந்தது. ஆகவே "அந்தக் காலம் திரும்ப வராதா?" என்ற ஏக்கம் எழும்போதெல்லாம், யாருடைய காலம் என்றொரு கேள்வியையும் அதன் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன். அந்தக் காலம் முழுவதுமாகத் திரும்பி வந்தால் அவர் மீண்டும் கைகளைக் குவித்துக் கிணற்றடியில் நிற்க வேண்டும். கடகம் வேண்டும், அந்தக் கிணற்றடி வேண்டாம் என்பதே சரியான விருப்பம். அது நடக்கக்கூடியதா என்பதுதான் இன்றைய பிரச்சினை.

முயற்சிகள் இல்லாமல் இல்லை. 1970களில் பனை தென்னை வள அபிவிருத்திக் கூட்டுறவுச் சங்கங்கள் உருவாகின. தவறணைக் குத்தகைக்காரருக்குக் கட்டுப்பட்டுக் கிடந்த தொழிலாளர் தமக்கென ஓர் அமைப்பைப் பெற்றது சிறிய விடயமல்ல. 1978இல் பனை அபிவிருத்திச் சபை நிறுவப்பட்டது. கைதடியில் பனை ஆராய்ச்சி நிறுவனம் இயங்குகிறது. வடமராட்சியில் திக்கம் வடிசாலை பனஞ்சாராயத்துக்குப் பேர் பெற்றது. தமிழ்நாட்டில் 1987 முதல் கள்ளுக்குத் தடை. இங்கே அது சட்டத்துக்கு உட்பட்ட தொழில், போத்தலில் அடைக்கப்பட்டும் விற்பனையாகிறது. அந்த வகையில் நம்முடைய தொழிலாளியின் நிலை சற்று மேல். பனையோலைப் பயிற்சி நிலையங்களில் பெண்கள் கைப்பை, தொப்பி, பரிசுப்பெட்டி எனப் புதிய வடிவங்களை இழைக்கிறார்கள். போரில் கணவரை இழந்த பல குடும்பங்களுக்கு அந்த வருமானம் அடுப்பெரியக் காரணமாயிற்று.

ஆனால் இந்தத் திட்டங்களில் பெரும்பாலானவை சங்கிலியின் நடுக்கண்ணியிலிருந்து தொடங்குகின்றன. இழைக்கப் பயிற்சி கொடுப்பார்கள், சான்றிதழ் கொடுப்பார்கள், கண்காட்சி வைப்பார்கள். சார்வோலை எங்கிருந்து வரும் என்று கேட்டால் விடை இராது. குடாநாட்டில் பனைகள் இன்னமும் நிற்கின்றன. ஏறுபவர்கள்தான் குறைந்துகொண்டு போகிறார்கள். ஏறும் ஒருவர் தவறி விழுந்தால் முள்ளந்தண்டு முறிந்து காலமெல்லாம் பாயில் கிடக்க நேரும். அவருக்குக் காப்புறுதியும் ஓய்வூதியமும் பாதுகாப்புப் பட்டியும் தராமல், அவருடைய மகள் இழைக்கும் பெட்டிக்கு மட்டும் பரிசு கொடுத்துப் பயனில்லை.

இலங்கையிலேயே இதற்கு ஒப்பிடத்தக்க ஓர் உதாரணம் இருக்கிறது. கண்டிப் பகுதியில் நெய்யப்படும் தும்பறைப் பாய்களின் கைவினையை 2021இல் யுனெஸ்கோ மனிதகுலத்தின் அருவப் பண்பாட்டு மரபுகளின் பட்டியலில் சேர்த்தது. அந்தப் பாய்களை நெய்பவர்கள் கின்னர சமூகத்தினர்; சிங்களச் சாதி அடுக்கில் மிகக் கீழே ஒதுக்கி வைக்கப்பட்டிருந்தவர்கள். பாயின் பெயரோடு நெய்தவரின் பெயரும் அந்த ஏட்டில் ஏறியது. அதனால் அவர்களுடைய வறுமை மறுநாளே தீர்ந்துவிட்டது என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் கைவினையைப் புகழும்போது கையை மறைக்கத் தேவையில்லை என்பதை அது காட்டுகிறது. நாம் நம் பனைத்தொழிலைப் பற்றி வெளியிடும் விழா மலர்களில் மரத்துக்குப் பாட்டு உண்டு, ஓலைக்குப் படம் உண்டு. ஏறியவர் எந்தச் சமூகம், எப்படி வாழ்ந்தார், எப்படி நடத்தப்பட்டார் என்ற வரி மட்டும் இராது.

இலண்டனிலும் ரொறன்ரோவிலும் தமிழ்க் கடைகளில் இப்போது நீத்துப்பெட்டியும் சுளகும் பனங்கட்டிக் குட்டானும் தொங்குகின்றன. வாங்குபவர்கள் விலையைப் பார்த்து முகம் சுளிப்பதையும் கண்டிருக்கிறேன். ஓலைப்பெட்டிக்கு இவ்வளவா என்பார்கள். ஓர் ஆள் உயிரைப் பணயம் வைத்து ஏறி இறக்கிய ஓலையை இன்னோர் ஆள் இரண்டு நாள் குந்தியிருந்து இழைத்தது அது. விலை கூட என்றால் யாருக்குக் கூட என்று கேட்க வேண்டும். அந்தப் பணத்தில் எத்தனை பங்கு வடமராட்சிக்கும் தென்மராட்சிக்கும் தீவகத்துக்கும் திரும்பிப் போகிறது என்பதைக் கடைக்காரரிடம் கேட்பது வாங்குபவரின் உரிமை. நாலு பேர் கேட்டால் ஐந்தாவது ஆள் வரும்போது விடை தயாராக இருக்கும்.

பனைத்தொழில் ஒரு சாதியின் தலைவிதியாக இருந்தவரை பிள்ளைகள் அதைவிட்டு ஓடியது நியாயம். கௌரவமும் வருமானமும் பாதுகாப்பும் உள்ள ஒரு தொழிலாக, யாரும் விரும்பினால் கற்கக்கூடிய வித்தையாக அது மாறினால், அந்தப் பிள்ளைகளில் சிலரும் வேறு வீட்டுப் பிள்ளைகள் சிலரும் தளைநாரைக் கையில் எடுக்கக்கூடும். வேறு வீட்டுப் பிள்ளை ஒருவன் முதன்முதலில் ஏறும் நாளில்தான் பனைத்தொழில் பிழைத்தது என்று சொல்லலாம். அதுவரை அருங்காட்சியகத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் கடகத்தை வைத்துவிட்டு, அதற்குப் பக்கத்தில் ஒரு தளைநாரையும் பாளைக்கத்தியையும் வைக்காமல் விடுவது முறையல்ல.